படத்துக்குள் ஒளிந்திருக்கும் லென்ஸ் நம்பர்
(படிப்பது எப்படி? நம்புவது எவ்வளவு?)



நம்ம வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் வழியாகத் திருப்பூருக்குத் தினமும் பஸ் ஏறிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "துணி ரோல் மேல ஒரு சீட்டு ஒட்டறீங்களே, அதுல என்னங்க எழுதறீங்க?" அவர் சொல்லுவார்: மெஷின் நம்பர், டயா, ஜிஎஸ்எம், நூல் லாட் நம்பர், எடை.

இந்தச் சீட்டு எதற்கு? துணி முழுக்க நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருந்தால் ஊசியில் பழுது என்று அர்த்தம். எந்த மெஷினில் ஓட்டிய ரோல் என்று தெரிந்தால்தான் அந்த ஊசியை மாற்ற முடியும். சாயம் போட்டபின் நிறம் திட்டுத் திட்டாக வந்தால் நூல் லாட் கலந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அதாவது, ஓட்டிய மெஷின் ஒன்று, அதில் ஏற்றிய நூல் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி நம்பர்.

கேமராவில் எடுத்த ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் இதே மாதிரி ஒரு சீட்டு இருக்கிறது. அதில் கேமராவுக்கு ஒரு நம்பர், அதில் மாட்டிய லென்ஸுக்கு இன்னொரு நம்பர் இருக்கலாம். இந்த லென்ஸ் நம்பரை எப்படிப் படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் இந்தக் கட்டுரை. "இதெல்லாம் நமக்கெதுக்குப்பா?" என்று நினைக்காதீர்கள். ஒரு நம்பரைத் தப்பாகப் படித்ததால் ஒரு அண்ணனுக்குத் திருட்டுப் பட்டம் வந்த சங்கதியும் இதில் வருகிறது.

1. படத்தோடு வரும் சீட்டு

இந்தச் சீட்டின் பெயர் எக்ஸிஃப். 1995 அக்டோபரில் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. எல்லா கேமரா கம்பெனிகளும் ஒரே மாதிரி குறிப்பு எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். படம் எடுத்த தேதி, மணி, கேமரா கம்பெனி, மாடல், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் படக் கோப்பின் ஆரம்பப் பகுதியிலேயே பதிவாகிவிடும். படத்தைப் பார்க்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். படத்தைப் பற்றிய இந்தத் தகவலுக்குப் பொதுப்பெயர் மெட்டாடேட்டா.

ஆனால் முதல் பதிப்பில் லென்ஸ் நம்பருக்கென்று ஒரு கட்டமும் கிடையாது. 2002-ல் வந்த 2.2 பதிப்பிலும் கிடையாது. 2010 ஏப்ரலில் வந்த 2.3 பதிப்பில்தான் கீழ்க்கண்ட கட்டங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு.

42032 - கேமரா உரிமையாளர் பெயர்
42033 - கேமரா பாடியின் தொடர் எண்
42034 - லென்ஸ் விவரம் (குவிய தூரம், துவார அளவு)
42035 - லென்ஸ் கம்பெனி
42036 - லென்ஸ் மாடல்
42037 - லென்ஸ் தொடர் எண்

அப்படியானால் 2010-க்கு முன்னால் எடுத்த படத்தில் லென்ஸ் நம்பரே இருக்காதா? சிலதில் இருக்கும்! பொதுச் சீட்டு தவிர, ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தமாக ஒரு ரகசியக் குறிப்பேடு உண்டு. அதற்கு மேக்கர் நோட் என்று பெயர். கம்பெனி தன் இஷ்டத்துக்கு, தன் பாஷையில் எழுதிக்கொள்ளும் இடம் அது. அதைப் படிக்கும் முறையைக் கம்பெனிகள் பொதுவாக வெளியே சொல்வதில்லை. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி என்பவர் 2003-ல் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளை எழுத ஆரம்பித்தார். பலரும் அனுப்பிய படங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பார்த்து, இந்த ரகசிய பாஷைகளில் பெரும்பகுதியை அது படிக்கக் கற்றுக்கொண்டது. இன்றைக்கு இந்த வேலைக்கு உலகம் முழுக்க அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

2. லென்ஸ் எப்படித் தன் நம்பரைச் சொல்கிறது?

லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், வளையத்தின் ஓரத்தில் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கேமரா பாடியிலும் அதற்கு நேராகப் புள்ளிகள் இருக்கும். பேட்டரியை டார்ச்சில் போட்டால் முனை தொடுகிற மாதிரி, லென்ஸை மாட்டித் திருகியதும் இவை ஒன்றையொன்று தொடும். இதன் வழியாகத்தான் பாடி, "நீ யாரு?" என்று கேட்கிறது. லென்ஸுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு பதில் சொல்கிறது. கேனான் கம்பெனி 1987-ல் கொண்டுவந்த இஎஃப் லென்ஸ்கள் பாடியோடு முழுக்க முழுக்க மின்சாரம் வழியாகவே பேசும்படி செய்யப்பட்டவை.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரிகின்றன.

(அ) புள்ளியே இல்லாத பழைய மேனுவல் லென்ஸை மாட்டினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கட்டம் காலியாக இருக்கும்.

(ஆ) சில பழைய லென்ஸ்கள் மாடலைச் சொல்லும், தொடர் எண்ணைச் சொல்லத் தெரியாது. அப்போது கேமரா அந்த இடத்தில் பத்து பூஜ்ஜியம் போட்டு வைக்கும். பத்து பூஜ்ஜியம் என்பது நம்பர் அல்ல, "தெரியாது" என்ற பதில். இரண்டு படங்களில் பத்து பூஜ்ஜியம் இருந்தால் இரண்டும் ஒரே லென்ஸ் என்று சொல்லக் கூடாது. பெயர் எழுதாத இரண்டு விடைத்தாளும் ஒரே பையனுடையது என்று சொல்வது போல ஆகிவிடும்.

(இ) பதில் சொல்வது உள்ளே இருக்கும் போர்டு. வெளியே வளையத்தில் அச்சடித்த நம்பர் வேறு, போர்டு சொல்லும் நம்பர் வேறாக இருக்கலாம். கேனான் படங்களில் இப்படிப் பார்க்கலாம். மேக்கர் நோட்டில் வரும் எண் உள்ளெண். லென்ஸ் மேல் அச்சான எண்ணோடு பல நேரம் ஒத்துப்போகாது. இந்த (இ)-யை நன்றாக நினைவில் வையுங்கள்.

3. எழுத்து கலந்த நம்பர் (கணக்குப் பிரியர்களுக்கு)

எக்ஸிஃப்டூலில் லென்ஸ் நம்பரைப் பார்த்தால் சில சமயம் நடுவில் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்ற இங்கிலீஷ் எழுத்துக்கள் வரும். "நம்பர்ல எப்படிடா எழுத்து வந்துச்சு?" என்று குழம்ப வேண்டாம். இது பதினாறு அடிமான எண். பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் எண் முறைகள் பாடத்தில் படிக்கிற அதே சங்கதிதான்.

நாம் பத்து இலக்கங்களை வைத்து எண்ணுகிறோம். 9-க்கு அப்புறம் புது இலக்கம் இல்லாததால் 10 என்று அடுத்த இடத்துக்குப் போகிறோம். பதினாறு அடிமானத்தில் 9-க்கு அப்புறம் ஏ (10), பி (11), சி (12), டி (13), இ (14), எஃப் (15) என்று ஆறு இலக்கங்கள் அதிகம். நமக்கு ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று இடமதிப்பு. அங்கே 1, 16, 256, 4096 என்று இடமதிப்பு.

உதாரணம்: ஏ435
ஏ என்பது 10. 10 x 4096 = 40960
4 x 256 = 1024
3 x 16 = 48
5 x 1 = 5
கூட்டினால் 42037.

மேலே பட்டியலில் 42037 எதுவென்று பாருங்கள். லென்ஸ் தொடர் எண்ணுக்கான கட்டம்! எக்ஸிஃப் புத்தகத்தில் அதன் அடையாள எண்ணை ஏ435 என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பத்து இடமுள்ள பதினாறு அடிமான எண் என்றால் ஐந்து பைட். மொத்தம் 1,09,951 கோடிக்கும் மேல் வெவ்வேறு எண்கள் எழுதலாம். ஒரு கம்பெனி எத்தனை லென்ஸ் செய்தாலும் தீராது.

இன்னொரு எச்சரிக்கை. எக்ஸிஃப் விதிப்படி 42037 கட்டத்தில் இருப்பது கணக்குப் போடும் எண் அல்ல, எழுத்து வரிசை. முன்னால் வரும் பூஜ்ஜியமும் பெயரில் ஒரு பகுதி. இதை எக்செல் தாளில் அப்படியே அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை எக்செல் விழுங்கிவிடும். அப்புறம் இரண்டு நம்பரும் வேறு வேறு என்று தோன்றும். முதலில் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும்.

4. எங்கள் மாமா ஸ்டுடியோவில் நடந்தது

எங்க மாமா கல்யாண போட்டோ எடுப்பவர். 2019 கார்த்திகையில் ஒரு 50 எம்எம் லென்ஸ் வாங்கினார். 2023 தை மாசம், முகூர்த்த சீசனில் அதன் ஆட்டோ ஃபோகஸ் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. வெளியூரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்ததும், பதினைந்து நாள் கழித்து வாங்கி வந்ததும் ஸ்டுடியோவில் உதவிக்கு இருந்த ஒரு அண்ணன். நம்ம பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்தான்.

மழைக்காலம் முடிந்து பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை. மாமாவுக்குச் சந்தேகம் வந்து பழைய பில்லைத் தேடி எடுத்தார். பில்லில் எழுதிய நம்பரும் லென்ஸ் வளையத்தில் உள்ள நம்பரும் சுத்தமாகப் பொருந்தவில்லை. யாரோ ஒருவர் சொன்னார் என்று சர்வீஸுக்கு அப்புறம் எடுத்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார்கள். அதில் இருந்த லென்ஸ் நம்பர் பில்லிலும் இல்லை, வளையத்திலும் இல்லை. மூன்றாவதாக ஒன்று!

"மூணு நம்பரும் மூணு தினுசா இருக்குது. நல்ல லென்ஸை வித்துப்போட்டு வேற எதையோ கொண்டாந்து குடுத்திருக்கான்" என்று பேச்சு கிளம்பியது. "ஏனுங்ணா, நான் டப்பாவத் தொறக்கக்கூட இல்லீங்ணா" என்று அந்த அண்ணன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. சின்ன ஊர் பாருங்கள், அந்த வாரமே அவங்க அம்மா வரைக்கும் செய்தி போய்விட்டது.

இந்த இடத்தில் நாம் நிறுத்தி யோசிப்போம். மூன்று நம்பரும் வேறு வேறு என்பது உண்மை. ஆனால் அது எதை நிரூபிக்கிறது? மேலே (இ)-யில் பார்த்தபடி, வளைய எண்ணும் படத்துக்குள் வரும் எண்ணும் பொருந்தாமல் இருப்பது சில கம்பெனிகளில் சகஜம். அதனால் அந்த இரண்டை ஒப்பிட்டதே சரியில்லை. வீட்டுக் கதவு எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் ஒப்பிட்டு, "ரெண்டும் வேற வேற, அதனால இது உங்க வீடு இல்லை" என்று சொல்வது போல.

எதை எதோடு ஒப்பிட வேண்டும்? படத்துக்குள் உள்ள எண்ணைப் படத்துக்குள் உள்ள எண்ணோடு. அதுவும் முன்னால் எடுத்ததைப் பின்னால் எடுத்ததோடு. இதை எங்க கம்ப்யூட்டர் சார் சொல்லித் தந்தார். நானும் மாமா பையனும் உட்கார்ந்து செய்தோம். செய்த முறை இதுதான்:

முதல் சோதனை: 2019-ல் லென்ஸ் வாங்கிய புதிதில் எடுத்த நிச்சயதார்த்தப் படங்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருந்தன. அதில் பத்துப் படங்களை எடுத்து லென்ஸ் நம்பரை எழுதிக்கொண்டோம்.

இரண்டாம் சோதனை: 2022-ல், அதாவது சர்வீஸுக்கு முன்னால் எடுத்த பத்துப் படங்கள்.

மூன்றாம் சோதனை: சர்வீஸிலிருந்து வந்தபின் எடுத்த பத்துப் படங்கள்.

நான்காம் சோதனை: அதே லென்ஸை அதே பாடியில் மாட்டி அன்றைக்கே எடுத்த புதுப் படம்.

ஐந்தாம் சோதனை: அதே பாடியில் வேறு இரண்டு லென்ஸ்களை மாட்டி எடுத்த படங்கள். இது எதற்கு? எந்த லென்ஸை மாட்டினாலும் அந்தப் பாடி ஒரே நம்பரை எழுதிக்கொண்டிருந்தால் முதல் நான்கு சோதனையும் வீண். அறிவியல் பாடத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று படிக்கிறோமே, அதுதான் இது.

முடிவு: முதல் நான்கு சோதனைகளிலும் லென்ஸ் நம்பர் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஐந்தாவதில் ஒவ்வொரு லென்ஸுக்கும் வேறு வேறு நம்பர் வந்தது.

இதற்கு அர்த்தம்? 2019-ல் மாமா கையில் இருந்த லென்ஸ்தான் இப்போதும் இருக்கிறது. பஸ்ஸில் லென்ஸ் மாறவில்லை. அப்படியானால் பில் நம்பர்? வாங்கின நாளிலேயே வேறு ஏதோ பெட்டியின் நம்பரைப் பார்த்துப் பில்லில் எழுதியிருக்க வேண்டும். நான்கு வருஷமாக யாரும் சரிபார்க்கவில்லை. பூஞ்சை? அது காற்றில் ஈரம் உள்ள இடத்தில், மூடிய பையில் வைத்தால் எந்த லென்ஸுக்கும் வரும். புது லென்ஸுக்கும் வரும்.

கம்ப்யூட்டர் சார் இன்னொன்றும் சொன்னார். "தம்பி, நீங்க நிரூபிச்சது போர்டு மாறலைங்கறதை. கண்ணாடியைப் பத்தி இந்த நம்பர் ஒண்ணும் பேசாது." உண்மைதான். சர்வீஸில் போர்டையே மாற்றினால் லென்ஸ் பழையதாக இருந்தும் நம்பர் மாறலாம். கண்ணாடியை மாற்றினால் நம்பர் மாறாது. ஆனால் அந்த அண்ணன் மேல் சொன்ன குற்றம் முழு லென்ஸையும் மாற்றிவிட்டார் என்பது. அந்தக் குற்றம் நிற்காது. அதைச் சொல்ல அந்த நம்பர் போதும்.

அன்று சாயங்காலமே மாமா வண்டியை எடுத்துக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், அவங்க அம்மா முன்னாலேயே நடந்ததைச் சொல்லிக் கூட்டி வந்தார்.

5. உலகத்தில் இந்த நம்பர் செய்த வேலைகள்

2007 ஜூலை. ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது புத்தகம் வெளிவரச் சில நாட்களே இருந்தன. யாரோ ஒருவர் புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். படத்தில் அவருடைய விரல் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆனால் படத்துக்குள் எக்ஸிஃப் சீட்டு இருந்தது. கேனான் கேமரா, மாடல், தொடர் எண் எல்லாம் அதில் இருந்ததாக அப்போது செய்தித்தாள்கள் எழுதின. முகத்தை மறைத்தவர் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார்!

2011-ல் இங்கிலாந்தில் ஒருவர் காணாமல் போன கேமராவைத் தேட ஒரு வழி செய்தார். உங்கள் கேமராவில் முன்பு எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தால் போதும். அதிலிருக்கும் தொடர் எண்ணைப் படித்து, அதே எண் உள்ள வேறு படங்கள் இன்டர்நெட்டில் இருக்கிறதா என்று தேடிச் சொல்லும். திருடியவர் அந்தக் கேமராவில் படம் எடுத்து எங்காவது போட்டிருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இதே நம்பர் திருடனையும் காட்டும். எந்தத் தப்பும் செய்யாத ஒருவர் எங்கெங்கே படம் எடுத்தார் என்பதையும் காட்டும். அதனால்தான் தெரியாதவர்களுக்குப் படம் கொடுக்கும் முன்னால் யோசிக்க வேண்டும்.

6. இந்த நம்பர் எப்போதெல்லாம் ஏமாற்றும்?

வாட்ஸ்அப்: படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, சீட்டையும் கிழித்துவிடும். சீட்டோடு வேண்டுமானால் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்: இது புதுப் படம். பழைய படத்தின் சீட்டு இதில் வராது.

செல்போன்: போனில் லென்ஸ் கழற்ற முடியாது. பெரும்பாலும் கம்பெனி, மாடல் மட்டும் வரும். லென்ஸ் தொடர் எண் வராது.

விண்டோஸ்: படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனால் கேமரா தொடர் எண்ணும் லென்ஸ் மாடலும் காட்டும். லென்ஸ் தொடர் எண் அங்கே தெரியாது. அதனால் "இல்லை" என்று முடிவு கட்டாமல் எக்ஸிஃப்டூலில் பாருங்கள்.

மாற்றி எழுதுதல்: இதுதான் முக்கியம். சீட்டைப் படிக்கிற எக்ஸிஃப்டூலாலேயே சீட்டில் வேறு நம்பரை எழுதவும் முடியும். ரோல் சீட்டை உரித்து வேறு சீட்டு ஒட்டுகிற மாதிரிதான். நம்பர் இருப்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது.

7. கோர்ட்டில் இது செல்லுமா?

நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வழியாக 65பி என்ற பிரிவு சேர்ந்தது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் தர வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் 2011 சட்டமன்றத் தேர்தல் தொடர்பான அன்வர் எதிர் பஷீர் வழக்கில் பிரசாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய சிடிக்களைக் கொடுத்தார்கள். சான்றிதழ் இல்லாததால் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 18-ல் அவற்றை ஏற்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற 2023-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் 63-ஆம் பிரிவின் சான்றிதழ்ப் படிவத்தைப் பார்த்தால் நம் பாடத்துக்கு வேண்டியது அப்படியே இருக்கிறது. பதிவு எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டதோ அதன் கம்பெனி, மாடல், நிறம், தொடர் எண் ஆகியவற்றை எழுத வேண்டும். கூடவே கோப்பின் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். படிவத்தின் ஒரு பகுதியைக் கொடுப்பவரும், மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும்.

ஹேஷ் என்றால் என்ன? முழுக் கோப்பையும் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் விரல்ரேகை. ஷா 256 என்ற முறையில் பதினாறு அடிமானத்தில் 64 இடம் வரும். படத்தில் ஒரே ஒரு புள்ளியை, அல்லது சீட்டில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் விரல்ரேகை முழுக்க மாறிவிடும். ஆனால் கவனியுங்கள்: ஹேஷ் எடுத்த நேரத்துக்கு அப்புறம் கோப்பு மாறவில்லை என்பதைத்தான் அது சொல்லும். அதற்கு முன்னால் யாராவது மாற்றியிருந்தால் அது சொல்லாது. அதனால் எடுத்த உடனே ஹேஷ் போட்டு வைப்பது நல்லது.

8. ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கும் கேமரா வாங்குபவர்களுக்கும்

1. வாங்கும் கடையிலேயே பில் நம்பர், பெட்டி நம்பர், வளைய நம்பர் மூன்றையும் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.
2. வீட்டுக்கு வந்ததும் அந்த லென்ஸில் ஒரு படம் எடுத்து, திருத்தாமல், தனி ஃபோல்டரில் வையுங்கள். படத்துக்குள் வரும் நம்பரை ஒரு நோட்டில் வளைய நம்பருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.
3. சர்வீஸுக்கோ வாடகைக்கோ கொடுக்கும் முன் ஒரு படம், திரும்பி வந்ததும் ஒரு படம். ஒரே பாடியில் எடுங்கள்.
4. சர்வீஸில் போர்டு மாற்றினார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.
5. மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.
6. நம்பர் பொருந்தவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "யார் எடுத்தது?" என்பது அல்ல. "எந்த நம்பரை எந்த நம்பரோடு ஒப்பிட்டோம்?" என்பது.

செய்து பாருங்கள்!

(அ) ஏ431 என்ற பதினாறு அடிமான எண்ணைப் பத்து அடிமானத்துக்கு மாற்றுக. அது எந்தக் கட்டம் என்று மேலே உள்ள பட்டியலில் கண்டுபிடி.

(ஆ) லேப்பில் எக்ஸிஃப்டூல் கோப்பின் மேல் ஏதாவது ஒரு படத்தை இழுத்துப் போட்டால் ஒரு கறுப்புத் திரையில் முழுப் பட்டியலும் வரும். அதில் கேமரா தொடர் எண், லென்ஸ் தொடர் எண் இரண்டும் இருக்கிறதா என்று பார்.

(இ) அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு தடவையும், டாக்குமென்ட்டாக ஒரு தடவையும் அனுப்பி, வந்து சேர்ந்த இரண்டிலும் சீட்டு இருக்கிறதா என்று ஒப்பிடு.

(ஈ) யோசிக்க: இரண்டு படங்களில் ஒரே லென்ஸ் நம்பர், ஆனால் வேறு வேறு பாடி நம்பர். என்ன நடந்திருக்கலாம்? குறைந்தது மூன்று காரணம் எழுதுக.

விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்பு, பிரிவு குறிப்பிட்டு, இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். (ஈ)-க்கு வரும் நல்ல விடை அடுத்த இதழில் எழுதப்படும்.


- பிளஸ் ஒன் மாணவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு